ஞானம்மாவின் பெரட்டு

சோலைமுத்து தன் மனைவியின் கழுத்தை மூன்றாவது முறையாகப் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஐந்தரை மணிக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் பஸ் அப்போதுதான் மேலே ரோட்டில் ஆரன் அடித்தபடி வளைவு திரும்பியது. கழுத்தில் பத்து விரலும் இறுகி, கண் பிதுங்கிக்கொண்டிருந்த நிலையிலும் ஞானம்மா, ‘பஸ் இன்னைக்குப் பத்து நிமிஷம் லேட்டு’ என்றுதான் நினைத்தாள். அவள் புத்தி அப்படிப்பட்டது. எமன் வந்து கதவைத் தட்டினாலும் மணி பார்த்துவிட்டுத்தான் திறப்பாள்.

முழங்காலைத் தூக்கி அவர் அடிவயிற்றில் ஓர் இடி இடித்தாள். பிடி விட்டது. அவர் பக்கவாட்டில் சரிந்து தண்ணீர் டிரம்மின் விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டார். புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்படியும் எழுந்து வந்து இரண்டு அறை விட்டார். இரண்டாவது அறையில் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கில் விழுந்தது. அடுப்படிக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு, பல்லை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு, அவர் கதவை உதைப்பதைக் கேட்டபடி இருபது நிமிடம் நின்றாள். சத்தம் அடங்கிய பிறகு திறந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ புள்ள, இது என்னா ரத்தம்?”

“வழுக்கி விழுந்துட்டீங்க.”

“ஒனக்கு ஏன் கன்னம் வீங்கிக் கெடக்கு?”

“நானும் வழுக்கி விழுந்துட்டேன்.”

“ரெண்டு பேருமா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல ஜோடிதான் போ. சாயத்தண்ணி போடு.”

இப்படி ஒரு மனுஷனோடு என்ன குடித்தனம் என்று கேட்கிறவர்கள் காலையில் வந்து பார்க்க வேண்டும். காலையில் சோலைமுத்து சொக்கத் தங்கம். எழுபத்து மூன்று வயதில் பூண்டுப் பாத்தியில் குனிந்தால் நிமிராமல் களை எடுப்பார். சிலோனிலிருந்து திரும்பியவர்களின் சிலோன் காலனியில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஏறிச் சரிபண்ணுவார். இரண்டு வருஷமாக மறதி. அதுவும் பகலில் சாவி எங்கே, செருப்பு எங்கே என்கிற அளவோடு நின்றுவிடும். வெளிச்சம் மசங்கி, பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிற நேரத்தில்தான் வேறு ஆளாகிவிடுவார். வீடு தெரியாது. எதிரே நிற்கிற கிழவி யார் என்று தெரியாது. வெட்ட வருகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

வெளியே சொல்ல அவளிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. இந்த மலையில் காயத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காட்டுமாடு முட்டிவிட்டது என்றால் முடிந்தது. டீக்கடை வாசலிலேயே காட்டுமாடு வந்து நிற்கிற ஊர், யார் நம்ப மாட்டார்கள்? ஆனால் ஒரே கிழவியை ஒரே மாசத்தில் இரண்டு தரம் முட்டினால் வனத்துறைக்குச் சேதி போகத்தானே செய்யும். வாட்சர் ராஜமுருகன் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிக் குளம்புத் தடம் தேடினார். ஒன்றும் கிடைக்காமல், மாடு பறந்துவந்து முட்டியிருக்கும் போல என்று அலுத்துக்கொண்டு போனார். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கலைமணி உள்ளே வந்து ஞானம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“பெரியம்மா, காட்டுமாட்டுக்கு எப்ப இருந்து அஞ்சு வெரலு?”

“வாய மூடுடி.”

“நான் மூடிக்கிறேன். பிரதீப்பு காதுல விழுந்தா என்னா பண்ணுவீங்க?”

அந்த ஒரு பயம்தான் ஞானம்மாவுக்கு. மகன் பிரதீப் திண்டுக்கல்லில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். போன ஆடியில் வந்தவன் முடிவாகச் சொல்லிவிட்டான்: இன்னொரு தடவை ரத்தம் பார்த்தால் அப்பாவைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான். அந்த இல்லத்தை அவள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது, சுவரில் சாமி படம் இருந்தது. மூன்றாவது கட்டிலில் இருந்த மனுஷனின் கணுக்கால் கட்டில் காலோடு துணியால் கட்டியிருந்தது. என் புருஷனைக் கட்ட விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவுசெய்தாள். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சம் இருப்பது ஒரு புத்தி. அறுபத்தேழு வயதான தன்னுடைய புத்தி. அது ஒரு நாள்கூட மழுங்கக் கூடாது.

காலனியில் நடந்த மருத்துவ முகாமுக்கு டாக்டர் சுகன்யா வந்திருந்தபோது, ‘காட்டுமாடு முட்டிய’ காயத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு இதைத்தான் கேட்டாள். வயசானவர்களுக்கு ஞாபகம் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

“சாமானையெல்லாம் ஒரே இடத்துல வைங்கம்மா. தினமும் ஒரே டைம்ல ஒரே வேலையச் செய்யுங்க. மூளைக்கு வேலை குடுங்க. குறுக்கெழுத்துப் போட்டி இருக்குல்ல, அது மாதிரி.”

“வீட்டுல அருவா எத்தனை கெடக்குன்னு எண்ணுனாப் போதுங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். ஞானம்மா சிரிக்கவில்லை.

அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் கூர் உள்ளவை ஏழு: வெட்டரிவாள் ஒன்று, கதிரரிவாள் இரண்டு, கோடாலி ஒன்று, அரிவாள்மனை ஒன்று, காய் நறுக்கும் கத்தி ஒன்று, சிலோனிலிருந்து வந்த கவ்வாத்துக் கத்தி ஒன்று. தேயிலைச் செடியைக் கழிக்கிற வளைந்த கத்தி அது. கப்பலில் வந்த தகரப் பெட்டிக்குள்தான் ஏழும் வாசம். பூட்டின் சாவி அவள் தாலிக்கயிற்றில்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. சிலோன் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அதற்குப் பெயர் பெரட்டு. ஞானம்மாவின் அப்பா குமரகுரு கங்காணி. அவர் ‘பெரட்டு!’ என்று ஒரு குரல் கொடுத்தால் மேட்டு லயத்து வீடுகளில் தூங்குகிற குழந்தையும் எழுந்து நிற்கும். சோலைமுத்து அவரிடம் கவ்வாத்து வெட்டிய ஆள். அதனால் முற்றத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவின் கட்டைக்குரலை வயிற்றிலிருந்து எடுத்து “பெரட்டு!” என்பாள். அவர் எங்கிருந்தாலும் வந்து விறைப்பாக நிற்பார்.

“வெட்டருவா!”

அவர் தொட்டுப் பார்த்து, “இருக்கு” என்பார். தொடாமல் சொல்லக் கூடாது. அது அவள் வைத்த சட்டம். ஏழும் முடிந்த பிறகு, “சோலைமுத்து!” என்பாள். “வந்தேன்!” என்பார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பேரைச் சொல்லக் கலைமணியைக் காட்டிவிடுவாள். பெரட்டில் மட்டும் சொல்வாள். அது அப்பா கூப்பிடுவது, நான் இல்லை என்று மனசுக்குச் சமாதானம். இன்னொரு பழக்கமும் இருந்தது. தோட்டத்துப் பெரட்டில் துரைக்கு முன்னால் யாரும் கத்தியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. பேர் கூப்பிட்டதும் காலடியில் வைத்துவிட வேண்டும், கூர் தன் பக்கம் பார்க்க. ஐம்பது வருஷமாகியும் அவர் கை அதை மறக்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டார் என்பதை மறந்த மனுஷன் இதை மறக்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் மட்டும் ஒரு முறை எண்ணுவாள். ஏழையும் தொட்டு எண்ணி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பாள். போனில் நான்கு மணிக்கு அலாரம் வைத்துக் கொடுத்தது கலைமணி. அவர் எத்தனை அடி அடித்தாலும் வெறுங்கையால் அடித்தாரே தவிர, இரண்டு வருஷத்தில் சாயங்கால நேரத்தில் இரும்பு ஒருமுறையும் அவர் கைக்குப் போகவில்லை. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சாயங்காலத்தில் அவர் எந்த இடத்துக்குப் போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். சிலோனில் நடந்த எழுபத்தேழாம் வருஷக் கலவரம். அவளுக்கு இருபது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டப்பகலில் கூட்டம் தோட்டத்துக்குள் ஏறி வந்து லயத்துக்குத் தீ வைத்தது. சோலைமுத்துவின் தம்பி குருநாதன் வாசலில் மறித்து நின்றான். அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி அவனையே வெட்டினார்கள். கழுத்தில் ஒன்று, விழுந்த பிறகு முகத்தில் மூன்று. ஞானம்மா தேயிலைக்குள் ஓடி, மழைத்தண்ணீர் வடிகிற கானுக்குள் படுத்துக்கொண்டாள். இரண்டு பகல், இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் அவள் அப்பா எரிந்துபோன லயத்துக்கு முன்னால் நின்று பெரட்டு எடுத்தார், உயிரோடு யார் யார் என்று தெரிந்துகொள்ள. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். அந்த இரண்டு நாளும் சோலைமுத்து என்ன செய்தார் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் கத்தியில் காய்ந்திருந்ததை மட்டும் பார்த்தாள். பார்த்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி செத்த வெறிதான் அவரை ஆட்டுகிறது என்பது அவள் கணக்கு. ஆகவே சாயங்காலம் அவர் பாய்ந்து வரும்போதெல்லாம், “குருநாதன் நல்லாத்தாங்க இருக்கான், இப்ப வந்துருவான்” என்பாள். அதைக் கேட்டதும் அடி இரட்டிப்பாகும். அது ஏன் என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

கார்த்திகை மாசம், அந்தச் செவ்வாய்க்கிழமை போய் நான்கு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் பிரதீப் வந்து நின்றான். மணி இரண்டரை. ஞானம்மா கவ்வாத்துக் கத்தியோடு சௌசௌ பந்தலின் கீழ் நின்று, கொடியைக் கழித்துக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தியைப் பந்தல் காலில் கொத்தி நிறுத்திவிட்டு உள்ளே ஓடி அடுப்பு மூட்டினாள். அவன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

“பல்லு எங்கம்மா?”

“ஆடுச்சு, விழுந்துச்சு. வயசாகுதுல்ல.”

“கழுத்துல?”

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். வெளியே கட்டிலில் சோலைமுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மகன் வந்திருக்கிறான் என்று மூன்று தடவை சந்தோஷப்பட்டுவிட்டார்.

“வேன் சொல்லிட்டேம்மா. திங்கக்கிழம வரேன். அப்பாவ ஏத்திட்டுப் போயிருவேன்.”

“ஏத்திப் பாரு. நான் டயருக்கு அடியில படுத்துக்கிறேன்.”

“ஒனக்கே மறக்குதும்மா! போன தடவ நான் வந்தப்ப பால அடுப்புல வச்சிட்டு வெளிய போயிட்ட. சட்டி கருகிப் போச்சு. நீ அவரப் பாக்குறியா, ஒன்ன யாரு பாக்குறது?”

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அதே நேரத்தில் போனில் நான்கு மணி அலாரம் அடித்தது. அவள் அதை அமுக்கினாள். எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

“எனக்கா மறக்குது? எண்ணிக்க. வெட்டருவா ஒண்ணு. கதிரருவா ரெண்டு. கோடாலி, அருவாமனை, காய்க் கத்தி, கவ்வாத்துக் கத்தி. ஏழு! பெட்டியத் தொறக்காமலே சொல்றேன் பாத்துக்க. திண்டுக்கல்லுல ஒன் ஒர்க்ஷாப்புல எத்தன ஸ்பேனர் கெடக்குன்னு நீ சொல்லு பாப்போம்!”

பூட்டை அமுக்கினாள். இழுத்தும் பார்த்தாள். பூட்டு நன்றாகத்தான் பூட்டியிருந்தது. மகன் சௌசௌ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலே முக்கால் பஸ்ஸுக்குப் போனான். ஜெயித்துவிட்டோம் என்று ஞானம்மாவுக்குத் திருப்தி. நம்மில் எத்தனை பேர் இப்படி ஜெயித்து நாசமாகியிருக்கிறோம்.

ஐந்தே கால் இருக்கும். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. பூண்டுக்கு இப்படி ஒட்டாதே என்று முகர்ந்தாள். சௌசௌப் பால் காய்ந்து, தோல் உரிந்து வந்தது. எதனால் வெட்டினோம் என்று யோசித்தாள். வாய் ஏழு என்று சொன்னது. கை தொடவில்லை.

வெளியே ஓடினாள். மூடுபனி வேலிவரைக்கும் வந்துவிட்டிருந்தது. பந்தல் காலில் ஒரு கொத்துத் தடம் மட்டும் இருந்தது. கத்தி இல்லை. கட்டிலில் அவரும் இல்லை.

பனிக்குள் கலைமணியின் நாய் இரண்டு முறை குரைத்தது. மூன்றாவது குரைப்பு பாதியில் அறுந்து, ஈனக்குரலாகி, நின்றுபோனது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இதை மறைப்பானேன். அவள் கால் ரோட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தும்விட்டது. ஆனால் கலைமணி வேலையிலிருந்து திரும்புகிற நேரம் இது. அந்தப் பாதையில், அந்தப் பனியில், எதிரே யார் வந்தாலும் வெட்டு விழும். ஞானம்மா நின்றாள். “ஏங்க!” என்று கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வாங்க!”

வந்தார். வேட்டி முழங்கால்வரை ரத்தம். கத்தி முனையில் நாயின் மயிர் ஒட்டியிருந்தது.

“யாருடி நீ?”

“நாந்தாங்க. உள்ள வாங்க. குருநாதன் நல்லாத்தான் இருக்கான், இப்ப வந்துரு…”

“குருநாதன் செத்துட்டான்!” என்று அலறினார். “இந்தக் கையாலதான் மண்ணு தள்ளுனேன், எனக்குத் தெரியாதா? யார ஏமாத்துற? எம் பொண்டாட்டி எங்கடி? அவள என்னடி பண்ணுனீங்க?”

கத்தி இறங்கியது. இடது கையைத் தூக்கி மறைத்தாள். வலிக்கவில்லை, சில்லென்று இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கழித்துப் போட்ட சௌசௌக் கொடிக்கு நடுவே விழுந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் வலி வந்தது. அடுத்த வெட்டு தோளில். சட்டையோடு சதை பிளந்தது. மல்லாக்க விழுந்தாள். அவர் அவள் நெஞ்சில் காலை வைத்து மிதித்தார். விலா எலும்பு உள்ளே முறிகிற சத்தம் அவள் காதுக்கே கேட்டது.

“நாந்தாங்க ஞானம்மா! என்னப் பாருங்க, நாந்தான்!”

“பொய் சொல்றியா, கெழட்டுச் சிறுக்கி? அவளுக்கு இருவது வயசுடி! சொல்லு, எங்க போட்டீங்க அவள? ரெண்டு நாளா ஒவ்வொரு செடியா தேடிட்டு இருக்கேன்டி நான்!”

கத்தி மேலே போயிற்று. கீழே கிடந்தபடி ஞானம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. அவர் தம்பிக்காக வெட்டவில்லை. இத்தனை நாள் விழுந்த அடி, கழுத்து நெரிப்பு, உடைந்த பல், எல்லாம் அவளுக்காக. அவளைக் கொன்றவர்களைத் தேடித் தேடி அவளையே அடித்திருக்கிறார். கானுக்குள் அவள் படுத்திருந்த அந்த இரண்டு நாள் இந்த மனுஷனுக்கு இன்னும் முடியவில்லை. பாவி, இதைச் சொல்லவே இல்லையே!

மூச்சு இழுத்தால் விலா குத்தியது. இழுத்தாள். வயிற்றிலிருந்து அப்பாவின் குரலை எடுத்தாள்.

“பெரட்டு!”

கத்தி மேலேயே நின்றது.

“பெரட்டுடா! வரிசையில நில்லு!”

நெஞ்சிலிருந்து கால் எடுபட்டது. அவர் இரண்டு அடி பின்னால் போய் விறைப்பாக நின்றார். ஞானம்மா பந்தல் காலைப் பிடித்து எழுந்தாள். வெட்டுப்பட்ட கையை அக்குளுக்குள் அமுக்கிக்கொண்டாள். ரத்தம் இடுப்புவரை சூடாக இறங்கியது.

“குருநாதன்!”

“இல்லீங்கய்யா. வெட்டிட்டானுங்க.”

“சோலைமுத்து!”

“வந்தேன்யா.”

அதற்கு மேல் பட்டியல் இல்லை. தினமும் காலையில் அதோடுதான் முடியும். கோடாலிக்குப் பேர் இருந்தது, அரிவாள்மனைக்குப் பேர் இருந்தது. அவள் எடுத்த பெரட்டில் அவள் பேர் ஒருநாளும் இருந்ததில்லை. எண்ணுகிறவளை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஞானம்மா!” என்று அப்பாவின் குரலில் கூப்பிட்டாள்.

அவர் உடம்பு ஆடியது. “வரலய்யா,” என்றார். “எம் புள்ள வரலய்யா. எங்கயும் காணோம்.”

“ஞானம்மா!”

பிறகு தன் குரலில், இருபது வயதில் எப்படிச் சொன்னாளோ அப்படி, அவளே பதில் சொன்னாள்.

“வந்தேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குனிந்து, கத்தியைத் தன் காலடியில் வைத்தார், கூர் தன் பக்கம் பார்க்க. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கலைமணி வந்து பார்த்தபோது கிழவி அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், மிச்சமிருந்த மூன்று விரலால். கலைமணி தன் செத்த நாயைத் தாண்டி வந்தவள். ஆனாலும் ஒரு வார்த்தை ஏசவில்லை. தலைமுண்டாசை அவிழ்த்துக் கையை இறுக்கிக் கட்டி, வெரசா ஒரு ஜீப்பைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகன்யா காயத்தைப் பார்த்துவிட்டு, “மறுபடியும் காட்டுமாடா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. எம் புருஷன் வெட்டுனாரு. கத்திய வெளிய விட்டது நானு. மறந்துட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. விரல்களை ஒட்டவைக்க முடியாது என்று சொன்னபோதுகூட அவ்வளவு அழவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை ஜீப்பிலிருந்து இறங்கியபோது வாசலில் பிரதீப்பின் வேன் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே சோலைமுத்துவின் துணிப்பை. மகன் கண் சிவந்து, தாடியோடு நின்றான்.

“ரெண்டு நாளா செடி செடியா ஒன்னத்தாம்மா தேடுனாரு,” என்றான். “தூங்கவே இல்ல. எனக்கும் நாலு அடி. இதுக்கு மேல என்ன சொல்லப்போற?”

“ஒண்ணும் சொல்லலடா. எனக்கு மறக்குது. நீ சொன்னது சரிதான்.” அவன் இதை எதிர்பார்க்கவில்லை. “பெட்டி கலைமணி வீட்டுக்குப் போகுது. சாவியும் அவகிட்ட. காயி அவ நறுக்கிக் குடுப்பா. நாலு மணிக்குப் போன்ல என்னையும் கேப்பா, இன்னைக்கு என்னா கெழம, அடுப்ப அமத்துனியா, என்னா சமைச்சேன்னு. நான் தப்பா சொன்னா ஒனக்குப் போன் போடுவா. அன்னைக்கு வேனக் கொண்டா. எங்க ரெண்டு பேரையுமே ஏத்திக்க. நான் படுத்துக்க மாட்டேன்.”

“அதுவரைக்கும் சாயங்காலம்?”

“பனி ஏறுறதுக்கு முன்ன பெரட்டு. எம் பேரையும் சேத்து.”

பேச்சுச் சத்தம் கேட்டுச் சோலைமுத்து உள்ளேயிருந்து வந்தார். காலை வெளிச்சம். தங்கமான மனுஷன். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது. தோள் பட்டது. அவர் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, விரல் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

“யாரு வெட்டுனது?”

ஞானம்மா கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

“யாருடி வெட்டுனது? பேரச் சொல்லு! இன்னைக்கே அவன் கைய வெட்டிப் போடுறேன். எங்க அந்தக் கத்தி? எடு!”

பிரதீப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அவன் போயிட்டாங்க,” என்றாள் ஞானம்மா.

“திரும்பி வந்தா?”

“வருவான். சாயங்காலம் வருவான்.”

“வரட்டும். வந்தா நீ ஒத்தையில நிக்காத புள்ள. என்னையக் கூப்பிடு.”

பின்னால் வேன் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பிரதீப் துணிப்பையோடு வந்து படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“கூப்பிடுறேங்க,” என்றாள் அவள். “பேரு சொல்லியே கூப்பிடுறேன்.”